வீட்டு வரவு செலவுக் கணக்கு (தாமிரபரணிப் பகுதி)

வீட்டு வரவு செலவுக் கணக்கு என்பது ஒரு தனிநபரோ குடும்பமோ தன் கைக்கு வந்த பணத்தையும் கையை விட்டுப் போன பணத்தையும் நாள்தோறும் எழுதி, குறித்த கால முடிவில் கூட்டிப் பார்க்கும் முறையாகும். வணிகக் கணக்கு லாப நட்டத்தை அறிய எழுதப்படுகிறது. வீட்டுக் கணக்கோ பணம் எங்கே போனது, அடுத்த வரவு வரும்வரை இருப்பது போதுமா, கடன் குறைகிறதா வளர்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சார்ந்த தாமிரபரணிப் பகுதியில் நெல் வேளாண்மை, பீடி சுற்றுதல், சிறு வணிகம், மாதச் சம்பள வேலை ஆகியவை அருகருகே நடக்கின்றன. ஆகவே இங்கு வீட்டுக் கணக்கு ஒரே அச்சில் அமைவதில்லை.

சொற்களும் மரபும்

தமிழ்க் கணக்கு மரபில் வந்த பணம் 'வரவு' எனவும், கொடுத்தது 'பற்று' எனவும் எழுதப்பட்டன. அன்றன்று நடந்ததைக் குறிப்பது நாளேடு. அதிலிருந்து ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்து எழுதுவது பேரேடு. ஆண்டு முடிவில் எடுப்பது ஐந்தொகை. இச்சொற்கள் வணிகர்களுடையவை என்றாலும் வீடுகளிலும் புழங்கின. பலசரக்குக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்குவதற்கு இன்றும் 'பற்று வைத்தல்' என்றே பெயர். கடைக்காரரின் பற்று நோட்டும், திருமண வீட்டின் மொய் நோட்டும் பல குடும்பங்களில் எழுதப்பட்ட ஒரே கணக்காக இருந்துள்ளன. மொய் நோட்டில் இருப்பது வரவு மட்டுமன்று. பின்னாளில் திருப்பிச் செய்ய வேண்டிய செலவும் அதில் அடங்கியுள்ளது.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் வரை ஒரு ரூபாய் 16 அணாவாகவும், ஓர் அணா 12 தம்படியாகவும் இருந்தது. ஒரு ரூபாய்க்கு 192 தம்படி என்பதால் சிறு செலவுகளைக் கூட்டுவதற்கே பயிற்சி தேவைப்பட்டது. நூறு பைசா முறை வந்தபின் கூட்டல் எளிதானது. பணத்தைக் குறிக்கும் 'துட்டு' என்ற பழைய நாணயச் சொல் நெல்லைப் பேச்சில் இன்றும் வழங்குகிறது.

செலவுக்கும் வரவுக்கும் உள்ள உறவைத் திருக்குறளும் பேசுகிறது. வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அதைவிட அகலாவிட்டால் கேடில்லை என்பது 'வலியறிதல்' அதிகாரத்திலுள்ள 478ஆம் குறளின் கருத்து.

கங்கைகொண்டான் ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915இல் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களின் பொருளியல் நிலையை ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1918இல் நூலாக வந்தன. அதில் இடம்பெற்ற கிராமங்களுள் ஒன்று, திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றின் கரையில் உள்ள கங்கைகொண்டான். சிற்றாறு தாமிரபரணியின் துணையாறு. 1936–37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் அதே கிராமங்கள் மீண்டும் ஆராயப்பட்டன; அந்நூல் 1940இல் வெளிவந்தது. பின்னரும் ஆய்வாளர்கள் இக்கிராமங்களுக்குச் சென்றுள்ளனர். ஒரே ஊரின் வாழ்க்கைநிலையைப் பல தலைமுறைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பளிக்கும் அரிய தொடர் இது. ஒரு முறை எழுதிய கணக்கைவிட, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் எழுதிய கணக்கே மாற்றத்தைக் காட்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

வரவின் காலமும் செலவின் காலமும்

இப்பகுதிக் குடும்பங்களின் கணக்கில் உள்ள முதல் சிக்கல், வரவும் செலவும் வெவ்வேறு கால அளவில் நடப்பதாகும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என நெல்லுக்கு இரு பருவங்கள் உள்ளன. தண்ணீர் போதுமான ஆண்டில் உழவருக்குப் பெருந்தொகை இரண்டு முறை வரும். போதாத ஆண்டில் ஒரு முறை. வீட்டுச் செலவோ 365 நாளும் உண்டு. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி கிடைக்கிறது. அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் மாதச் சம்பளம்.

செலவுப் பக்கத்தில் பால், காய்கறி, தேநீர் ஆகியவை நாள்தோறும் வருவன. வாடகை மாதந்தோறும், மின்கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளி, கல்லூரிக் கட்டணம் கல்வியாண்டின் தொடக்கத்தில், கோவில் கொடை வரி, தீபாவளி, பொங்கல் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை. கொடை வரியும் கல்விக் கட்டணமும் 'திடீர்ச் செலவு' என்று சொல்லப்படினும், அவை வரும் மாதம் முன்பே தெரிந்ததுதான். இத்தகைய செலவுகளின் ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், மாதந்தோறும் ஒதுக்க வேண்டிய தொகை கிடைக்கும். ஆண்டுக்கு 18,000 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய்.

வாரக் கணக்கை மாதக் கணக்காக மாற்றும்போது மற்றொரு பிழை நேர்கிறது. மாதத்துக்கு நான்கு வாரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 48 வாரமே ஆகும். உண்மையில் 52 வாரங்கள் உள்ளன. வாரம் 500 ரூபாய் தவணை கட்டுபவர் மாதச் செலவு 2,000 ரூபாய் என்று எண்ணுவார். சராசரியாக அது 2,167 ரூபாய்.

எழுதும் முறை

எளிய வீட்டுக் கணக்குக்குத் தேதி, விவரம், வரவு, செலவு, கையிருப்பு என்ற ஐந்து பத்திகள் போதும். இவற்றுள் பலரும் விட்டுவிடுவது கையிருப்பு. கணக்கு சரியா என்று சோதிப்பது அதுவே.

கற்பனை எண்களைக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டு: பீடி சுற்றும் பெண் ஒருவரிடம் வாரத் தொடக்கத்தில் 400 ரூபாய் இருந்தது. வாரக் கூலியாக 1,500 ரூபாய் வந்தது. வார இறுதியில் கையில் 250 ரூபாய் உள்ளது. நோட்டில் எழுதிய செலவு 1,420 ரூபாய். உண்மையான செலவு 400 + 1,500 – 250 = 1,650 ரூபாய். ஆகவே எழுதாமல் போனது 230 ரூபாய். இதே அளவு வாரந்தோறும் விடுபட்டால் ஆண்டுக்கு 11,960 ரூபாய்க்குக் கணக்கில்லை. அது வீணான செலவு என்று பொருளில்லை. பேருந்துக் கட்டணமாகவோ மாத்திரையாகவோ பிள்ளைகளின் தின்பண்டமாகவோ இருக்கலாம். என்னவென்று தெரியாதவரை அதைக் குறைக்கவும் முடியாது, தேவையென்று உறுதிசெய்யவும் முடியாது.

தொழிலுக்கான செலவை வீட்டுச் செலவோடு கலக்காமல் இருப்பதும் முக்கியம். கொடுக்கப்பட்ட இலை போதாமல் கைப்பணத்தில் பீடி இலை வாங்கினால், அது கூலியிலிருந்து கழிக்க வேண்டிய தொழிற்செலவு. அதைக் கழித்த பின் நிற்பதே உண்மையான வருவாய். உழவர் வீட்டில் விதை, உரம், நடவுக்கூலி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கடனும் வட்டியும்

கணக்கு எழுதாத வீட்டில் மிகுந்த இழப்பை உண்டாக்குவது கடன் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்பது வழக்கில் 'ஒரு பைசா வட்டி'. ஆண்டுக்கு 12 விழுக்காடு. 'பத்துப் பைசா வட்டி' என்பது சிறிய சொல்லாக ஒலித்தாலும் ஆண்டுக்கு 120 விழுக்காடு.

தண்டல் முறையில் வட்டி முன்னதாகவே பிடிக்கப்படும். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். பார்வைக்கு இது 10 விழுக்காடு. ஆனால் நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக ஏறத்தாழ பாதித் தொகையே நூறு நாளும் கையில் இருக்கிறது. கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். வரவில் 10,000 என்று எழுதாமல், கைக்கு வந்த 9,000 ரூபாயை எழுதினால்தான் இது புலப்படும்.

தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. அது தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டே தடை செய்கிறது. சட்டம் வந்த பின்னரும் சிக்கல் தீரவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிப் புகாருடன் வந்த ஒரு குடும்பத்தில் தம்பதியும் இரு குழந்தைகளும் உயிரிழக்க நேர்ந்த நிகழ்வு மாநிலத்தையே உலுக்கியது. கணக்கு நோட்டு மட்டும் கடன்காரரைக் காப்பாற்றிவிடாது. எனினும் கையில் பெற்ற தொகை, கட்டிய தேதி, கட்டிய தொகை ஆகியவை எழுதப்பட்டிருந்தால், அசலுக்கு மேல் எவ்வளவு கட்டியாயிற்று என்பதை வீட்டாரும் அறிவர். புகாருக்கும் அது துணையாகும்.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், இதற்கு மாற்றான கடன் வழியைத் தந்ததோடு தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகியவற்றைப் பேணும் பழக்கத்தையும் கொண்டுவந்தன.

கைப்பேசிப் பணப்பரிமாற்றம்

2016இல் அறிமுகமான யுபிஐ, செலவைத் தானே பதிவு செய்கிறது. தொகை, நேரம், பெற்றவர் பெயர் ஆகியவை கைப்பேசியில் நிற்கின்றன. ஆனால் ஒரு கடையில் 640 ரூபாய் கொடுத்தது தெரியுமே தவிர, அதில் அரிசி எவ்வளவு, நொறுக்குத்தீனி எவ்வளவு என்பது தெரியாது. வங்கியிலிருந்து எடுத்த ரொக்கமும் ஒரே வரியாக முடிந்துவிடும். எனவே கைப்பேசிப் பதிவு நாளேடாகப் பயன்படும். இனவாரியாகப் பிரித்துப் பேரேடு எழுதும் வேலை மனிதருக்கே உரியது.

ஒப்பீடும் வரம்பும்

2022–23ஆம் ஆண்டின் தேசிய வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஒருவருக்கான சராசரி மாதச் செலவு இந்திய ஊரகப் பகுதியில் 3,773 ரூபாய், நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் இவை முறையே 5,310, 7,630 ரூபாய். நாட்டளவில் ஊரகச் செலவில் சுமார் 46 விழுக்காடும் நகர்ப்புறச் செலவில் சுமார் 39 விழுக்காடும் உணவுக்கானவை. வருவாய் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857இல் கண்டறிந்த விதியுடன் இது ஒத்துப்போகிறது. ஒரு குடும்பம் தன் செலவை இவற்றோடு ஒப்பிட, மாதச் செலவை வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இந்த ஆய்விலும் மறதியே பெரிய தடை. அதனால் காய்கறி, மீன் போன்றவற்றைக் கடந்த 7 நாளுக்கும், துணி, கல்வி போன்றவற்றைக் கடந்த 365 நாளுக்கும், பிறவற்றைக் கடந்த 30 நாளுக்கும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் செலவு விரைவில் மறக்கும். அரிதாக வருவது நெடுநாள் நினைவில் நிற்கும்.

பணக் கணக்கில் சில செய்திகள் அடங்குவதில்லை. நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசி, நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு உள்ள கட்டணமில்லாப் பயணம், சொந்த வயலின் நெல் ஆகியவை நோட்டில் வருவதில்லை. வீட்டில் ஒருவர் செய்யும் சமையலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் அதில் இடமில்லை. கணக்கு எழுதுவதால் குறைந்த கூலி உயர்ந்துவிடுவதும் இல்லை. பற்றாக்குறை செலவுப் பழக்கத்தால் வந்ததா, வருவாயே போதாததால் வந்ததா என்பதைப் பிரித்துக் காட்டுவதே வீட்டுக் கணக்கின் பயன். முதலாவதற்குத் தீர்வை வீட்டுக்குள் தேடலாம். இரண்டாவதற்குக் கூலி, பாசனம், நியாயமான கடன் வசதி என வீட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும்.