உங்களுக்குத் தெரியுமா? ஷூ போட்ட சுறா எங்கே?

ஆம்பூரில் ஒரு கல்யாண வீடு. பிரியாணிப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிப் பையன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அங்கிள், இதுல ஷூ போட்ட சுறா எங்க இருக்கு? அறுபது செகண்டுதான்!" திரை முழுக்க முதலைத் தலை வைத்த விமானம், காபிக் கோப்பைத் தலையோடு ஆடும் நாட்டியக்காரி, கண்ணும் காலும் முளைத்த மரக்கட்டை. நேரம் கரைந்ததே தவிர, சுறா கண்ணில் படவில்லை. பையனின் அப்பா எட்டிப் பார்த்தார், சட்டென்று விரலை வைத்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறாராம். இந்த வாரத் துணுக்குகள் அந்த நாற்காலியில் பிறந்தவை.

● அந்தச் சுறாவின் பெயர் டிராலலேரோ டிராலலா. 2025 தொடக்கத்தில் இணையத்துக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு வரைந்த கோமாளிப் படம், மேலே இத்தாலிய மொழியில் உளறும் ஒரு குரல். இந்தக் குடும்பத்துக்கே 'இத்தாலியன் பிரெயின்ராட்' என்று பெயர். சுறாவுக்குக் கால் மூன்று, மூன்றிலும் நீல ஷூ. ஜோடிக் கணக்கில் ஆர்டர் எடுக்கும் ஊரில் அந்த மூன்றாவது ஷூவை யார் தைத்துத் தருவார்கள்?

● மரக்கட்டையின் பெயர் துங் துங் துங் சாஹூர். ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு ஊரை எழுப்ப இந்தோனேசியாவில் கொட்டும் சத்தம்தான் அந்தத் 'துங் துங்'. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மீமுக்கு மட்டும் உரை எழுத வேண்டியதில்லை.

● 'பிரெயின் ராட்', அதாவது மூளை அழுகல், ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் தேர்ந்தெடுத்த 2024ஆம் ஆண்டின் சொல். போன் வந்த பிறகு பிறந்த சொல் என்று நினைக்காதீர்கள். 1854இல் வெளிவந்த 'வால்டன்' நூலிலேயே எழுத்தாளர் தோரோ இதை எழுதிவிட்டார். 'மீம்' என்ற சொல்லும் இணையத்தைவிட மூத்தது: 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கியது.

அழுகலைப் பற்றி வேலூர் வட்டாரத்துக்காரர்களிடம் பேசும்போது கொஞ்சம் அடக்கம் வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நடக்கும் தோல் தொழிலே அழுகலை நிறுத்துவதுதான். உரித்த தோலை உப்புப் போடாமல் விட்டால் சீக்கிரமே நாறிவிடும். பதனிட்டுவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். அமெரிக்கப் பழங்குடிகள் விலங்கின் மூளையையே குழைத்துத் தோலில் தேய்த்து மென்மையாக்கினார்கள். மூளை அழுகலைத் தடுத்தது என்றால் பையன்கள் நம்புவார்களா?

● சரி, கட்டிங் செக்‌ஷன்காரர் எப்படிக் கண்டுபிடித்தார்?

தோல் துணி மாதிரி அல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டின் அல்லது மாட்டின் வாழ்க்கை வரலாறு. உண்ணி கடித்த புள்ளி, முள்வேலிக் கீறல், அம்மை வடு, வைத்தியத்துக்குச் சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் அதில் இருக்கும். சாயமும் பாலிஷும் ஏறிய பிறகு பாதி மறைந்துவிடும், மறையாமலும் இருக்கும். தோலை வெளிச்சத்தில் சாய்த்து, மடக்கி, சுருக்கம் விழும் விதத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முதுகை ஒட்டிய பகுதி உறுதி, வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. ஷூவின் முன்பக்கத்துக்கு மாசில்லாத இடம் வேண்டும். சின்னக் குறை உள்ள இடத்தை லேஸுக்கு அடியில் ஒளியும் நாக்குக்கோ உள்பக்கத்துக்கோ ஒதுக்கலாம். வலது ஷூவுக்கும் இடது ஷூவுக்கும் நிறமும் மேற்பரப்பும் ஒத்துப்போக வேண்டும். தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில் என்பதால் ஒரு வெட்டு தவறினால் பணம் போச்சு. இத்தனையும் பார்த்துக்கொண்டே அன்றைய எண்ணிக்கையையும் முடிக்க வேண்டும். கணினி வெட்டும் இயந்திரம் வந்த இடங்களிலும் குறையைக் கண்டு குறி வைக்கப் பெரும்பாலும் ஆள் தேவைப்படுகிறது. வேலை நேரம் முழுவதும் இதை விளையாடுகிறவருக்கு அறுபது செகண்டுச் சுறா எந்த மூலைக்கு?

● ஷூவின் மேல்பாகத்துக்குத் தோல் வெட்டும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'கிளிக்கிங்' என்று பெயர். வெட்டும் இயந்திரம் 'கிளிக்கிங் பிரஸ்'. மௌஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, கைக்கத்தி எழுப்பிய 'கிளிக்' சத்தத்தால் வந்த பெயர் என்பார்கள். சுறா தேடும் வகை விளையாட்டுகள் பலவற்றில் கண்டபடி தட்டினால் நொடிகள் கழியும். கிளிக்கிங் பிரஸ்ஸில் கழிவது தோல்.

● கண்ணுக்குத் திரை முழுவதும் தெளிவாகத் தெரிவதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்குமே, அவ்வளவு இடத்தைத்தான் அது ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. மீதிக்கு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. அறுபது நொடிக்குச் சுமார் இருநூறு தாவல். அதற்குள் சுறா மேல் விழ வேண்டும்.

● அபூர்வமாக வரும் பொருளைக் கண் தவறவிடும். ஆய்வாளர் ஜெரமி உல்ஃப் குழு 2005இல் சோதித்தபோது, இரண்டு படத்துக்கு ஒன்றில் தேடும் பொருள் இருந்தால் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது 30 சதவீதம். நல்ல தோலாகவே வந்துகொண்டிருக்கும் நாளில்தான் பரிசோதகர் உஷாராக இருக்க வேண்டும்.

சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர்க்காரர்கள் ரசிக்க இன்னொன்று. 2013இல் வெளியான ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படத்துக்குள் ஒரு கொரில்லாப் படத்தை ஒளித்துவைத்து 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கட்டியைத் தேடச் சொன்னார்கள். வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா. 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை அதன் மீதே விழுந்து நகர்ந்திருந்தது. தேடச் சொன்னது கட்டியை. கொரில்லாவை யார் கேட்டார்கள்?

● நம் ஊர் அபத்தமும் லேசுப்பட்டதல்ல. ஃபேஸ்புக்கில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. பெயரைச் சொன்ன தமிழர் ஒருவர், இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் சேர்த்துவிட்டார். 2019 மே இறுதியில், 2001ஆம் ஆண்டு 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வந்த வடிவேலுவுக்காக ட்விட்டரே பிரார்த்தனை செய்தது. படம் வந்து பதினெட்டு வருடம் கழித்து! இதை வைத்து ஒரு தேடல் விளையாட்டு வரைந்தால் சுறா பக்கம் யார் போவார்கள்?

● ஒளித்த பொருளைத் தேட நமக்குப் போன் தேவைப்பட்டதில்லை. மணலில் முழ நீளக் கரை கட்டி, அதற்குள் ஒரு குச்சியை ஒளித்துக்கொண்டே போவது கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். எதிரில் இருப்பவர் கைகளைக் கோத்து, குச்சி இருக்கும் இடம் என்று நினைக்கும் இடத்தில் பொத்த வேண்டும். ஒரே வாய்ப்பு. பாலாற்றில் மணல் இருந்த காலத்து விளையாட்டு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

● தேட வேண்டியிருந்தது குச்சி மட்டுமல்ல. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மூலவர் பல நூற்றாண்டுகள் கோயிலில் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981இல்தான் கோட்டைக்குள் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள்.

● அதே கோயிலின் கல்யாண மண்டபத்தில், ஷூ போட்ட சுறாவுக்கு விஜயநகரக் காலத்துப் பாட்டன் ஒருவர் இருக்கிறார்: காளையும் யானையும் ஒன்றாக இணைந்த சிற்பம். ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. ரிஷப குஞ்சரம் என்பார்கள். தாராசுரத்தில் அதைவிட மூத்தது ஒன்று உண்டு. வேலூர் மண்டபத்து விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகளும் உண்டு. யாளிகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவே அந்தக் காளை யானை எந்த இடத்தில் என்று நான் சொல்லப்போவதில்லை. கோட்டைக்குப் போனால் போனைப் பையில் போட்டுவிட்டு நீங்களே தேடுங்கள். டைமர் கிடையாது.