‘மே’ என்றால் என்ன, ‘மஸ்ட்’ என்றால் என்ன? திரையில் வரும் ஆங்கிலச் செய்திகளைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “திரையில் ஏதோ இங்கிலீஷில் வருகிறது. ஓகே கொடுக்கலாமா, கேன்சல் கொடுக்கலாமா?”

மதுரையில் இருக்கும் என் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மகன் திருமணப் போட்டோக்கள் இருந்த பென் டிரைவை கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார். “யூ நீட் டு பார்மட் த டிஸ்க் இன் டிரைவ் எப் பிபோர் யூ கேன் யூஸ் இட்” என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று பார்மட் செய்துவிட்டார். பின்னர் அதே பென் டிரைவில் பக்திப் பாடல்களையும் காப்பி செய்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வந்தது.

“நீட்னு போட்டிருந்ததேப்பா, செஞ்சே ஆகணும்னுதானே அர்த்தம்?” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ரெகவரி சாப்ட்வேர் மூலம் பாதிக்கு மேல் போட்டோக்கள் மீண்டன. தாலி கட்டும் நேரத்துப் போட்டோக்கள் மீளவில்லை. வேறு காப்பியும் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த நான் மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், செய்திகளைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத்தான் இங்கு சொல்லப் போகிறேன்.

வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்

இது போன்ற செய்திகளில் மூன்று பகுதிகளைக் கவனித்தால் போதும். முதலாவது துணைவினை. கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் என இவை மொத்தம் ஒன்பது. இரண்டாவது முதன்மை வினை. என்ன நடக்கும் என்பதை இது சொல்லும். மூன்றாவது இன், ஆன், பிரம், டு, அட் போன்ற ப்ரிபொசிஷனில் தொடங்கும் சொற்றொடர். எங்கே, எதிலிருந்து, எதற்கு என்பதை இது சொல்லும்.

இணையத்திலிருந்து அதிகம் அறியப்படாத புரோகிராம் ஒன்றை இறக்கி இயக்கினால், விண்டோஸ் நீல நிறக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை தரும். அதில், “ரன்னிங் திஸ் ஆப் மைட் புட் யுவர் பிசி அட் ரிஸ்க்” என்று இருக்கும். இதில் ‘மைட்’ துணைவினை, ‘புட்’ முதன்மை வினை, ‘அட் ரிஸ்க்’ ப்ரிபொசிஷன் சொற்றொடர். தமிழில், “இந்தப் புரோகிராமை இயக்குவது உங்கள் கம்ப்யூட்டரை ஆபத்தில் தள்ளக் கூடும்” என்போம். ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நிற்கும் ‘மைட்’, தமிழில் ‘கூடும்’ என்று கடைசிக்குப் போய்விட்டது. அதே போல, பெயருக்கு முன்னால் வரும் ‘அட்’, தமிழில் பெயருக்குப் பின்னால் ‘இல்’ என்ற உருபாக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் முன்னால் வைப்பதைத் தமிழ் பின்னால் வைக்கிறது. இதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு விதி. துணைவினைக்குப் பின் வரும் வினை எந்த மாற்றமும் இன்றி அப்படியே நிற்கும். ‘மைட் புட்’ என்றுதான் வரும். ‘மைட் புட்ஸ்’ என்றோ, ‘மைட் டு புட்’ என்றோ வராது. ‘வில் பி டெலிட்டட்’ போல நடுவில் ‘பி’ வந்தால் அது செயப்பாட்டு வினை, அதாவது ‘அழிக்கப்படும்’ என்று பொருள்.

எது எவ்வளவு உறுதி?

வில்: நிச்சயம் நடக்கும். “பார்மட்டிங் வில் இரேஸ் ஆல் டேட்டா ஆன் திஸ் டிஸ்க்” என்றால், இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். இதில் சந்தேகத்திற்கு இடமில்லை.

மே, மைட்: நடக்கலாம், நடக்காமலும் போகலாம். தமிழில் ‘லாம்’ போலத்தான் ‘மே’. “நீங்கள் போகலாம்” என்றால் அனுமதி. “மழை வரலாம்” என்றால் வாய்ப்பு. ‘மே’ என்பதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. ‘மைட்’ பெரும்பாலும் வாய்ப்பை மட்டுமே குறிக்கும்.

கேன்: முடியும். ‘கேனாட்’ அல்லது ‘கேன்ட்’ என்றால் முடியாது. சில இடங்களில் அனுமதி இல்லை என்றும் பொருள் தரும். பைலுக்குப் பெயர் வைக்கும்போது கேள்விக்குறியை டைப் செய்தால், ‘எ பைல் நேம் கேன்ட் கன்டெய்ன்’ என்று தொடங்கும் செய்தி வரும். அந்த அடையாளங்களை பைல் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்பதே இதன் பொருள்.

ஷுட்: செய்வது நல்லது. இது அறிவுரை. செய்யாவிட்டாலும் வேலை நடக்கும், ஆனால் பின்னால் தொல்லை வரலாம்.

மஸ்ட்: செய்தே ஆக வேண்டும். “யூ மஸ்ட் ரீஸ்டார்ட் யுவர் கம்ப்யூட்டர் டு அப்ளை தீஸ் சேஞ்சஸ்” என்று வந்தால், ரீஸ்டார்ட் செய்யும் வரை மாற்றங்கள் செயலுக்கு வராது. உடனே செய்யாவிட்டால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. திறந்திருக்கும் பைல்களை சேவ் செய்துவிட்டுப் பிறகு செய்திடலாம்.

எங்களைப் போன்ற புரோகிராமர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதனால்தான் இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுவோருக்காக, ஆர்.எப்.சி. 2119 என்ற ஆவணம் 1997 மார்ச்சில் வெளியானது. எழுதியவர் ஸ்காட் பிராட்னர். மஸ்ட் என்றால் கட்டாயம். ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்து, விளைவுகளை யோசித்த பிறகே விடலாம். மே என்றால் அவரவர் விருப்பம் என்று அது வரையறுத்தது.

‘நாட்’ வந்தால் கவனம்

பிரவுசரில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு மூடினால், “சேஞ்சஸ் யூ மேட் மே நாட் பி சேவ்ட்” என்று கேட்கும். சேவ் செய்யக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் நிரப்பியது சேவ் ஆகாமல் போகலாம் என்று பொருள். ‘மஸ்ட் நாட்’ என்றால்தான் செய்யவே கூடாது. ‘டோன்ட் ஹாவ் டு’ என்றால் செய்யத் தேவையில்லை, அவ்வளவுதான்.

கடைசிச் சொற்களையும் படியுங்கள்

பலரும் வினையைப் படித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ‘வில் பி டெலிட்டட்’ என்பதோடு நிறுத்தினால் அழியும் என்பது மட்டும்தான் தெரியும். அடுத்து ‘பிரம் திஸ் டிவைஸ்’ என்று இருந்தால், இந்தக் கருவியிலிருந்து மட்டும் அழியும். ‘பிரம் ஆல் யுவர் டிவைசஸ்’ என்று இருந்தால், போன், டேப்ளட், கம்ப்யூட்டர் என அனைத்திலிருந்தும் அழியும். இரண்டு சொற்கள் மாறுவதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

பெரியப்பாவிற்கு வந்த செய்தி

இப்போது அந்தச் செய்தியை மீண்டும் படிப்போம். ‘நீட் டு பார்மட்’ என்றால் பார்மட் செய்வது தேவை. எதற்குத் தேவை? ‘பிபோர் யூ கேன் யூஸ் இட்’, அதாவது அதை நீங்கள் பயன்படுத்துவதற்கு முன். ஆக, இது கட்டளை இல்லை, நிபந்தனை. பென் டிரைவை இப்போதே பயன்படுத்தியாக வேண்டிய அவசியம் இல்லை என்றால், பார்மட்டும் அவசியம் இல்லை. அடுத்து வந்த எச்சரிக்கையில் ‘வில் இரேஸ்’ என்று உறுதியாகவே இருந்தது. பெரியப்பா முதல் செய்தியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டதால், இரண்டாவதைப் படிக்காமலே ஓகே அழுத்திவிட்டார்.

உங்களுக்கு இப்படி வந்தால் முதலில் கேன்சல் அழுத்துங்கள். பென் டிரைவை வேறு யு.எஸ்.பி. போர்ட்டில், பிறகு வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால், முதலில் ரெகவரி சாப்ட்வேர் மூலம் பைல்களை எடுக்க முயற்சி செய்திடுங்கள். பார்மட் கடைசியில்தான். தவறுதலாக பார்மட் செய்துவிட்டால், அதில் புதிதாக எதையும் காப்பி செய்யாதீர்கள். வழக்கமாக நடக்கும் குயிக் பார்மட்டில், பைல்கள் எங்கே உள்ளன என்ற பட்டியல்தான் புதிதாக எழுதப்படுகிறது. பழைய பைல்களின் தகவல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புதிய பைல்கள் அதன் மேல் எழுதப்படும்போதுதான் அது நிரந்தரமாகப் போய்விடும்.

இந்தத் துணைவினைகளையும் அவற்றின் பொருளையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகில் ஒட்டிவையுங்கள். பெரியப்பா ஒட்டி வைத்திருக்கிறார். இப்போது அவர் போன் செய்தால், “வில்னு போட்டிருக்குப்பா, கேன்சல் கொடுத்துட்டேன். நீ வந்து பாரு” என்கிறார்.