கோடு மாறவில்லை, விடை மட்டும் மாறுவது ஏன்?

டீபக் பில்டில் பாஸான டெஸ்ட், ரிலீஸ் பில்டில் ஃபெயிலாகிறது. கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது கம்பைலர் அமைப்பு மட்டும்தான்.

‘டபுள்’ வகை எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான் உண்டு. 1-உடன் பத்தின் 16ஆம் அடுக்கைக் கூட்டி, அதையே கழித்துப் பாருங்கள். விடை 0! அந்த உயரத்தில் அடுத்தடுத்த டபுள் எண்களுக்கு நடுவே இடைவெளி 2. அதனால் நம் 1 ரவுண்டிங்கில் காணாமல் போகிறது. அந்தப் பெரிய எண்ணிலிருந்து அதையே முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால், விடை 1.

ஜிசிசி கம்பைலரில் ‘ஃபாஸ்ட்-மேத்’ ஆப்ஷனைப் போட்டால், இப்படி வரிசையை மாற்ற அதற்கு அனுமதி கிடைத்துவிடும். ‘நேன்’ (எண் அல்லாத மதிப்பு) வரவே வராது என்றும் அது வைத்துக்கொள்ளும்; நாம் எழுதிய நேன் சோதனையையே நீக்கிவிடக்கூடும். இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான் என்பேன்.

பழைய 32 பிட் இன்டெல் பில்டுகளில் வேறு சிக்கல். எக்ஸ்87 ரெஜிஸ்டர் 80 பிட் அகலம். அதே கணக்கு ரெஜிஸ்டருக்குள்ளேயே முடிந்தால் விடை 1. இடையில் மெமரிக்குப் போய் 64 பிட்டாகச் சுருங்கினால் 0. எது நடக்கும் என்பது பெரும்பாலும் ஆப்டிமைசேஷன் அளவைப் பொறுத்தது. ஜிசிசியின் புகழ்பெற்ற 323ஆம் பிழைப் பதிவு இதைப் பற்றியதுதான். இன்றைய 64 பிட் பில்டுகள் வழக்கமாக எக்ஸ்87-க்குப் பதில் எஸ்எஸ்இ2-வைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே ரவுண்டிங்கில் முடிக்கும் எஃப்எம்ஏ கட்டளை, கடைசி இலக்கத்தை இன்றும் மாற்றக்கூடும்.

ஆகவே விடைகளைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள்; கணக்குக்கேற்ற பிழை எல்லை வையுங்கள். பயனருக்குப் போகும் அதே அமைப்பிலும் டெஸ்டை ஓட்டுங்கள்.