கையில் நாலு!

பரீட்சை நாள் காலை. "நேற்று ராத்திரி கடகடவென்று ஒப்பித்தாயே, அதற்குள் மறந்து போச்சா?" என்று பையனை அதட்டுகிறீர்கள். அவன் திருதிருவென்று விழிக்கிறான். அதட்டல் ஏற ஏற, தெரிந்ததும் மறந்து போகிறது. பிள்ளை மக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயம் செய்கிற வேலை அது!

மூளைக்குள் இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் 'அமிக்டலா' என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் உஷார் கொடுக்கும் காவல்காரர்களில் அது முக்கியமானது. அது குரல் கொடுத்ததும் கவனமெல்லாம் ஒரே இடத்தில் குவிகிறது. பாம்பைக் கண்டவனுக்குப் பாம்பு மட்டுந்தான் தெரியும். காலடியில் தங்கக் காசு கிடந்தாலும் தெரியாது.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் எலிசபெத் லாப்டஸும் அவருடைய சகாக்களும் 1987-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உணவு விடுதி ஒன்றில் கல்லாவுக்கு முன்னால் நிற்கும் ஆசாமியைப் படங்களில் காட்டினார்கள். பாதிப் பேர் பார்த்த படத்தில் அவன் கையில் துப்பாக்கி. மீதிப் பேர் பார்த்ததில் வெறும் செக். துப்பாக்கியைக் கண்டவர்களின் கண்கள் அதையே சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு மற்ற விவரங்களைக் கேட்டால், அவர்களுக்குத்தான் ஞாபகம் குறைவு!

பரீட்சைக்குப் போகும் குழந்தைக்கு நம் அதட்டலே துப்பாக்கி. 17-ஐ 6-ஆல் மனக்கணக்காகப் பெருக்கும்போது, "ஆறேழு நாற்பத்திரண்டு, கையில் நாலு" என்கிறோம் அல்லவா? மனத்தின் அந்தக் 'கை' மிகச் சிறியது. 'மார்க் குறைந்தால் அம்மா என்ன சொல்வாளோ!' என்ற கவலை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டால், நாலுக்கு இடம் ஏது?

கவலையை இறக்கி வைக்க வழி இல்லையா? சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ராமிரெஸ், பீலாக் என்ற இருவர் 2011-ல் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். பரீட்சைக்குச் சற்று முன்பு 10 நிமிஷம், மனத்திலுள்ள பயத்தையெல்லாம் மாணவர்களைக் காகிதத்தில் எழுதச் சொன்னார்கள். பரீட்சை என்றாலே நடுங்குகிறவர்களில், இப்படி எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

பயமே கூடாது என்று சொல்லவில்லை. தெருவைக் கடக்கும்போது உயிரைக் காப்பது அதுதான். ஆனால், கணக்குப் போடுகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆகவே, அடுத்த பரீட்சையன்று பாடத்தைக் கேட்காதீர்கள். "எதை நினைத்தால் பயமாயிருக்கிறது, கண்ணா?" என்று கேளுங்கள். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். அவன் எழுதுகிற வரிகளில் உங்கள் பெயர் வந்தால், கோபித்துக்கொள்ளாமல் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்து, சிரித்த முகத்தோடு அனுப்பி வையுங்கள். அவன் கையில் நாலு பத்திரமாக இருக்கும்!