மசூதி சுவரை இடித்தது வதந்தி: கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்த கொத்தனார்கள்

இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற கடலோர ஊர். 2024 ஜூலை 29-ந்தேதி அங்கு சிறுமிகளின் நடன வகுப்பில் புகுந்த 17 வயது வாலிபன் கத்தியால் சரமாரியாக குத்தியதில் 3 சிறுமிகள் பரிதாபமாக இறந்தனர்.

வயது 18 ஆகாததால் அவனது பெயரை போலீசார் உடனே வெளியிடவில்லை. அதற்குள் இணையத்தில் ஒரு பொய்ப்பெயர் கிளம்பியது. 'படகில் வந்த அகதி, முஸ்லிம்' என்றார்கள். ஒரு செய்தி தளமும் விசாரிக்காமல் அதை அப்படியே போட்டது. உண்மையில் அவன் பிரிட்டனிலேயே, கார்டிப் நகரில் பிறந்தவன். போலீசாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்!

மறுநாள் இரவு ஒரு கும்பல் உள்ளூர் மசூதியை தாக்கியது. வீட்டு சுவர்களை உடைத்து செங்கல்லை எடுத்து வீசினார்கள். 50-க்கும் மேற்பட்ட போலீசார் காயம் அடைந்தனர். கலவரம் பல ஊர்களுக்கு பரவியது. 'படகுகளை நிறுத்து' என்று கத்தினார்கள். இது முந்தைய ஆட்சியாளர்கள் மேடையிலேயே எழுதி மாட்டிய கோஷம்தான்.

ஆனால் சவுத்போர்ட்டில் விடிந்ததும் அக்கம்பக்கத்தினர் துடைப்பமும் வாளியுமாக வந்துவிட்டார்கள். கொத்தனார்கள் கரண்டியோடு வந்து, இடிந்த சுவரை காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தனர்.

ஆகஸ்டு 7-ந்தேதி 100-க்கும் மேற்பட்ட இடங்களில் கலவரக்காரர்கள் கூடுவதாக தகவல் பரவியது. கடைக்காரர்கள் பலகை அடித்து மூடினார்கள். ஆனால் லண்டன் வால்தம்ஸ்டோ, பிரைட்டன், பிரிஸ்டல் என்று தெருவில் இறங்கியது சாதாரண ஜனங்கள்தான், ஆயிரக்கணக்கில். கையில் 'அகதிகளே வருக' அட்டை. பல இடங்களில் எதிர்தரப்பு தலைகாட்டவே இல்லை.

குடியேறியவர்களை வருடக்கணக்கில் திட்டி எழுதிய பத்திரிகை கூட, மறுநாள் முதல் பக்கத்தில் இந்த கூட்டத்தின் படத்தைத்தான் போட்டது.