வெள்ளி இரவு ஊசி, திங்கள் காலை வேலை

(கல்லீரல் தொடர் – 17)

இன்டர்ஃபெரான் காலத்தில் ஹெபடைட்டிஸ் சி-க்குச் சிகிச்சை எடுத்தவர்களிடம் பேசினால், பேச்சு சீக்கிரமே வெள்ளிக்கிழமைக்கு வந்து நிற்கும். ஊசியை வெள்ளிக்கிழமை இரவு போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு நர்ஸுகள் வழக்கமாகச் சொன்ன யோசனை. போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் தொடங்கும். காய்ச்சல் ஏறும், தசையெல்லாம் வலிக்கும். சனிக்கிழமை படுக்கையில் போகும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்காரலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். வாரம் ஒரு ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. வைரஸின் 1-ஆம் வகைக்கு 48 வாரம். 2, 3-ஆம் வகைகளுக்கு 24 வாரம்.

அதாவது, சம்பளம் வருகிற நாட்களைக் காப்பாற்றுவதற்காக, ஓய்வு நாட்களை மொத்தமாக நோய்க்குக் கொடுத்துவிடுவது. ஓராண்டு முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக் குழந்தைகளோடு வெளியே போகாமல், கல்யாணம் காதுகுத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் ஏராளம். அப்படி 48 வாரத்தைத் தாண்டிய 1-ஆம் வகை நோயாளிகளில் குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-ல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1986-ல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜே ஹூஃப்நேகிளின் குழு 10 நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. 1991-ல் மருந்துக்கு அனுமதி, 1998-ல் ரிபாவிரின் கூட்டு, 2001-லிருந்து வாரம் ஒரே ஊசியாகச் சுருங்கிய பெக்-இன்டர்ஃபெரான். எல்லாப் புத்தகங்களிலும் இந்த வரிசை இருக்கிறது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ் ஓட்டியவர், வகுப்பெடுத்தவர், தறியில் நின்றவர் என்ன பாடுபட்டார் என்பது எந்த வரிசையிலும் இல்லை. இந்த வாரம் அவர்களுக்காக.

முதலில், அந்த அசதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். இன்டர்ஃபெரான் நம் உடம்புக்குப் புதிய பொருள் கிடையாது. ஃப்ளூ வந்தால் உடம்பே அதைச் சுரக்கிறது. வைரஸ் நுழைந்துவிட்டது என்று பக்கத்து செல்களை எச்சரிப்பது அதன் வேலை. காய்ச்சலில் கிடக்கும்போது எழுந்திருக்கத் தோன்றாது, சாப்பாடு இறங்காது, யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வரும். இவற்றில் பெரும்பங்கு, இந்த எச்சரிக்கைப் பொருட்கள் மூளைக்கு இடுகிற கட்டளை. படு, அசையாதே, இருக்கிற சக்தியை நோயை எதிர்க்கச் செலவழி என்கிறது உடம்பு. ஃப்ளூவில் அந்தக் கட்டளை நாலைந்து நாளில் ஓய்ந்துவிடும். இன்டர்ஃபெரான் சிகிச்சையில் அது வாரா வாரம் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே "மனசைத் திடமா வெச்சுக்கிட்டா எல்லாம் சரியாப்போயிடும்" என்று சொன்ன உறவினர்கள், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்றாலும், நோயாளிக்கு அநியாயம் செய்தார்கள். மனத்திடம் இல்லாததால் வந்த அசதி இல்லை அது.

வெள்ளிக்கிழமை யோசனைகூட எல்லோருக்கும் பலிக்கவில்லை. பெக்-இன்டர்ஃபெரானில் இரண்டு வகை உண்டு. ஆல்ஃபா-2பி வகை ரத்தத்தில் உச்ச அளவைத் தொட 15 முதல் 44 மணி நேரம் ஆகும். ஆல்ஃபா-2ஏ வகைக்கு 72 முதல் 96 மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்கு 2ஏ ஊசி போட்டுக்கொண்டவருக்கு மருந்து உச்சத்துக்கு வருவது திங்கள் இரவுக்கும் செவ்வாய் இரவுக்கும் நடுவில். ரத்தத்தில் இருக்கும் அளவும் உடம்பு உணர்வதும் அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் "சனி, ஞாயிறு நன்றாகத்தான் இருந்தேன், புதன்கிழமைதான் எழ முடியவில்லை" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நான்கு வாரம் ஒரு சிறு நோட்டில் எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு அசதி என்று குறித்துவைத்துப் பார்த்து, மருத்துவரிடம் பேசி, ஊசி நாளைச் செவ்வாய்க்கோ வியாழனுக்கோ மாற்றியவர்கள் உண்டு. தன் வாரம் எப்படிப் போகிறது என்று எழுதிப் பார்த்தவருக்கு அதில் எது உழைக்கும் நாள், எது படுக்கும் நாள் என்று பிடிபட்டது.

ரிபாவிரின் கொடுத்த சோர்வு வேறு தினுசு. அந்த மருந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து தேங்கி, அவற்றை உடைக்கும். முதல் நான்கு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் 2 முதல் 3 கிராம் இறங்குவது சாதாரணம். 14 இருந்தவருக்கு 11. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். சாரத்தில் ஏறுகிற கொத்தனாருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவருக்கும் இது உயிர் பற்றிய விஷயம். நம் வீடுகளில் ரத்தம் குறைந்திருக்கிறது என்றதும் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ரத்தம் குறைவது இரும்பு போதாததால் அல்ல, அணுக்கள் உடைவதால். கூடுதல் இரும்பு ஏற்கெனவே நொந்திருக்கும் கல்லீரலில் போய்ச் சேரும். பேரீச்சம்பழம், கீரை சாப்பிடுவதில் தவறில்லை. டானிக்கை மருத்துவர் எழுதினால் மட்டுமே தொடவேண்டும்.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரிபாவிரின் அளவைக் குறைப்பார்கள், 8.5-க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். அது மருத்துவர் எடுக்கும் முடிவு. ஆனால் நோயாளி தானாகவே எடுத்த முடிவுகளும் இருந்தன. நாளைக்கு லோடு ஏற்ற வேண்டும், இரண்டு மாத்திரையை விட்டுவிட்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று நினைத்தவர்கள். மாதக் கடைசி, ஆர்டர் முடியவில்லை, இந்த வாரம் ஊசி வேண்டாம் என்று தள்ளிப்போட்டவர்கள். 2002-ல் ஜான் மெக்ஹட்சிசனின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் முக்கியம். இரண்டு மருந்துகளிலும் குறைந்தது 80 சதவீத அளவை, குறைந்தது 80 சதவீதக் காலத்துக்கு எடுத்துக்கொண்டவர்கள், அதற்குக் குறைவாக எடுத்தவர்களைவிட அதிகம் குணமானார்கள். அதிலும் முதல் 12 வாரம் கணக்கில் பெரிய இடம் பிடித்தது. அசதியைத் தாங்க முடியாமல் விட்டுப்போன மாத்திரைகள் ஆண்டுக் கடைசியில் ரத்தப் பரிசோதனையில் வைரஸாகத் திரும்பி வந்தன. இதனால்தான் நான் அசதியை ஒரு பக்கவிளைவு என்று பட்டியலின் கடைசி வரியில் எழுதுவதை ஏற்பதில்லை. வேலையும் அசதியும் மோதுகிற இடத்தில்தான் பலருக்குச் சிகிச்சை உடைந்தது.

அந்த மோதலைச் சமாளிக்க யாருக்கு வசதி இருந்தது? ஏரோஸ்மித் இசைக்குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலர் தனக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்ததை 2006-ல் வெளியே சொன்னார். 11 மாதம் இன்டர்ஃபெரான் எடுத்ததாகவும், அது தன்னைக் கொன்றேவிட்டது போல இருந்ததாகவும் சொன்னார். அந்த நேரம் இசைக்குழு ஓய்வில் இருந்தது. அவர் பட்ட வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடம் ஒதுங்கியிருக்க முடிந்தவருக்கே அப்படியென்றால், காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கார்டு போட வேண்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்காவில் 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். அதன் நல்ல அம்சம், மருத்துவக் காரணம் இருந்தால் அந்த விடுப்பைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு நாளாகக்கூட எடுக்கலாம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 12 வாரம் என்பது 60 நாள். ஊசிக்கு மறுநாள் மட்டும் விடுப்பு எடுத்தால் 48 வாரத்துக்கு 48 நாள் போதும். நம் நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. உதவிப் பணம் கிடைத்த முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால்தான் அந்த விதியிலிருந்து விலக்கு. காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ சரியாக இருக்கும் ஏற்பாடு, வாரம் ஒரு நாள் படுக்க வைக்கும் சிகிச்சைக்கு இடைஞ்சலாகிறது. இந்த விலக்கு தெரியாமலேயே லாஸ் ஆஃப் பே போட்டுக்கொண்டவர்கள் இருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பு சம்பந்தப்பட்ட சோர்வு ஒரு பக்கம். மனம் இன்னொரு பக்கம். இன்டர்ஃபெரான் எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வந்தது. தூக்கம் கெட்டது. சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்கியது. சூப்பர்வைசரிடம் கத்திவிட்டு, பிறகு தான் ஏன் அப்படிப் பேசினோம் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. கணக்கு எழுதுகிறவருக்குக் கூட்டல் தடுமாறும். ஆசிரியருக்கு மாணவன் பெயர் நினைவுக்கு வராது. அவர்கள் கண்டுபிடித்த வழிகள் எளிமையானவை: மூளைக்கு வேலையுள்ளதைக் காலையிலேயே முடிப்பது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது, ரிபாவிரினின் இரண்டாம் வேளையை இரவு வெகுநேரம் தள்ளாமல் சாயங்காலச் சாப்பாட்டோடு முடித்துத் தூக்கத்தைக் காப்பது, முக்கியமான பேச்சுவார்த்தையை ஊசிக்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளாதது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அதை அன்றே மருத்துவரிடம் சொல்வது. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்துச் சிகிச்சையைத் தொடர முடிந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது, இதை எழுதும்போது மனம் நிறைகிறது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டு, இங்கே அதே மருந்து அந்த விலையில் ஒரு சிறு பகுதிக்கு வந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை மட்டும். ஊசி இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். பலரும் ஒரு நாள்கூட லீவு போடாமல் முடிக்கிறார்கள்.

ஆனாலும் அசதி முழுதாக விடைபெறவில்லை. தலைவலியும் சோர்வும்தான் புதிய மாத்திரைகளிலும் அதிகம் சொல்லப்படும் தொந்தரவுகள். முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ரிபாவிரின் இன்னும் சேர்க்கப்படுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு டயாலிசிஸ் தரும் சோர்வு தனி. இன்னொன்று, இந்த வைரஸே அசதி தரும். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் எவ்வளவு அசதி என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) ரிப்போர்ட் நார்மலாக இருப்பவரும் மதியத்துக்கு மேல் உட்கார முடியாமல் தவிக்கலாம். ரிப்போர்ட்டைக் காட்டி "உனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று அனுப்பிவிடக் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் சோர்வு நீடித்தால் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மாத்திரை தினமும் ஒரே நேரத்தில் போகவேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று சுழலும் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டிலும் நிச்சயம் விழித்திருக்கும் நேரம் மாலை ஆறு மணி. அதைப் பிடித்துக்கொள்ளலாம். கண்ட நேரத்தில் சாப்பிடுகிற ஷிஃப்ட் தொழிலாளர்கள் வழக்கமாகப் போடும் பான் 40 போன்ற அசிடிட்டி மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சோஃபோஸ்புவிரோடு சேர்த்துத் தரப்படும் வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர் சொல்லாமல் சோஃபோஸ்புவிரைத் தொடவே கூடாது. துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

வேலையிடத்தில் யாரிடம் சொல்வது என்ற கேள்வி எப்போதும் வரும். எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால், சேர்ந்து சாப்பிடுவதால், கைகுலுக்குவதால் இது தொற்றாது. ரத்தத்தின் வழியாக மட்டுமே தொற்றும். எனவே சக ஊழியர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. லீவு கொடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரிடம், "கல்லீரலுக்கு மூன்று மாதச் சிகிச்சை, இந்த நாட்களில் கனமான வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சான்றிதழோடு சொன்னால் போதும். எத்தனை மாதம் என்று கணக்குச் சொன்னால் முதலாளிகளில் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். எப்போது முடியும் என்று தெரியாத நோய்தான் அவர்களைப் பயமுறுத்துகிறது.

கடைசியாக ஒன்று, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டது என்று பொருள். ஆனால் ஆன்டிபாடி பரிசோதனை, குணமான பிறகும் பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், பாசிட்டிவ் என்றே காட்டும். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் ஹெபடைட்டிஸ் சி-யும் பார்க்கிறார்கள். வைரஸே இல்லாத ஒருவரை ஆன்டிபாடியை மட்டும் வைத்து அன்ஃபிட் என்று ஒதுக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது, அந்த முறை மாறவேண்டும். அதுவரை, ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடித்த சான்று, 12-ஆம் வார ஆர்.என்.ஏ. ரிப்போர்ட், சிகிச்சை கொடுத்த மருத்துவரின் கடிதம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள், மெடிக்கலுக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.