கயிறு இழுத்த தாய்

2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரைக்கு அப்பால் ஒரு திமிங்கலம் குட்டியோடு தென்பட்டது. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்னோ கோன்’. அதன் வாயில் மீன்பிடிக் கயிறு மாட்டியிருந்தது. அது மாட்டியிருப்பது அந்த ஆண்டு மார்ச்சிலேயே தெரிந்திருந்தது! கயிற்றை இழுத்துக்கொண்டே திரிந்து, பிள்ளையும் பெற்றுவிட்டது. 2022 செப்டம்பரில் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே மறுபடி பார்த்தபோது உடல் நலிந்திருந்தது; புதிதாக இன்னொரு கயிறும் சுற்றியிருந்தது. குட்டியைக் காணோம்.

ஸ்னோ கோனின் இனமான வடக்கு அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் இன்று உலகில் மொத்தமே 400-க்கும் குறைவு. அவற்றில் 85 சதவீதத்துக்கும் மேல் ஒருமுறையாவது கயிற்றில் சிக்கியவை. உடம்பில் இருக்கும் தழும்புகளே சாட்சி.

சிங்கி இறாலுக்கும் பனி நண்டுக்கும் கடலடியில் கூண்டு வைக்கிறார்கள். கூண்டு கிடக்கும் இடம் தெரிய மேலே ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கயிறுதான் வினை. வாயைத் திறந்தபடி இரை தேடி வரும் திமிங்கலத்தின் வாயில் அது மாட்டும். மிரண்டு புரளப் புரள, துடுப்பிலும் வாலிலும் சுற்றும். இன்றைய செயற்கை இழைக் கயிறு லேசில் அறாது. நாளாக ஆகச் சதைக்குள் இறங்கிவிடும்.

மாசசூசெட்ஸின் ப்ராவின்ஸ்டவுனில் உள்ள கடலோர ஆய்வு மையம் 1984 முதல் இப்படிச் சிக்கியவற்றை விடுவித்துவருகிறது. முறை பழைய வேட்டைக்காரர்களுடையது. அவர்கள் ஈட்டி பாய்ந்த திமிங்கலத்தோடு பீப்பாய்களைக் கட்டிக் களைக்க வைத்துக் கொன்றார்கள். இவர்கள் சிக்கிய கயிற்றில் மிதவைகளைக் கட்டிக் களைக்க வைத்து, நீண்ட கழியின் நுனியில் வளைந்த கத்தியால் கயிற்றை அறுக்கிறார்கள். தண்ணீரில் இறங்குவதில்லை. படகிலிருந்தாலும் ஆபத்துதான். 2017 ஜூலையில் கனடாவின் நியூ பிரன்சுவிக் கடலில் ஒரு திமிங்கலத்தை விடுவித்த மறுகணமே அது அடித்ததில் மீட்பாளர் ஜோ ஹவ்லெட் இறந்தார். அவரே சிங்கி இறால் மீனவர்.

இத்தனை துணிச்சலும் வந்த பிறகு செய்யும் வைத்தியம்தான். வருமுன் காக்க வழி இருக்கிறது: கயிற்றை மேலே நிறுத்தாத கூண்டு. படகிலிருந்து ஒலிச் சமிக்ஞை போனால் அடியில் கிடக்கும் மிதவை அப்போதுதான் மேலே வரும். விலைதான் எட்டாத உயரம். அதை மீனவர் தலையில் மட்டும் கட்டினால் யாரும் வாங்கப்போவதில்லை. அமெரிக்க, கனடா அரசுகள்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.